வாசலில் நின்று சொல்லும் சேதி

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் மாக் டிரில். உயிரோடிருக்கும் ஒருவர் தன் கல்லீரலில் பாதியை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். கொடுத்தவரே செத்துப்போனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒத்திகை. தரச்சான்று கொடுக்க வந்த குழுவுக்கு நடித்துக் காட்ட வேண்டுமாம். செத்த டோனராக ஒரு தலையணை. பிரஷர் இறங்குது என்றதும், அங்கேயிருந்த வேறொரு சர்ஜன் யாரையும் கேட்காமல் ஓடிவந்து அதைத் திறந்து பார்த்தார். டோனரின் அம்மாவாக நான். "உங்களுக்குத்தான் மேடம் அழுகை சட்டுனு வரும்" என்றார்கள். எனக்குக் கோபம்தான் சட்டென்று வரும். பதினோரு வருஷமாக என்னிடம் திட்டு வாங்குகிறவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை.

டாக்டர் சிரில் வந்தார். ஆபரேஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. "அம்மா, உங்க பொண்ணு இறந்துட்டாங்க. ஆபரேஷன் செஞ்சவன் நான். எனக்குத் தெரிஞ்சதை இப்பவே சொல்றேன். எங்க பக்கம் தப்பு இருந்தா அதையும் நானே வந்து சொல்வேன்" என்றார். செத்தது தலையணை என்று தெரிந்தும் எனக்குப் பொலபொலவென்று கொட்டிவிட்டது. குழுவில் ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? டோனருக்கு ஆபத்து வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்கிற அந்தத் திட்டத்தை நானும் அவரும் உட்கார்ந்து எழுதி மூன்று வருஷமாகிறது. அவர் தலைமை சர்ஜன். நான் கோஆர்டினேட்டர், அதாவது கொடுப்பவர், வாங்குபவர், இரண்டு வீட்டார், கவர்மென்ட் அனுமதி என்று எல்லாப் பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள். வெளிநாட்டுத் திட்டங்களை மேஜை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு அவர் முழித்தபோது, எட்மண்ட் சித்தப்பா செத்த கதையை நான்தான் சொன்னேன்.

கோலார் பக்கம் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சித்தப்பா போனபோது எனக்குப் பத்து வயது. ஷிப்ட் கேப்டன் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடந்தே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், வாங்கவில்லை. ஒன்றையும் மறைக்காமல் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதுவரைக்கும் அடுத்த ஷிப்ட் ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் மேலேயே நின்றது. செத்தவன் வீட்டுக்குச் சேதி போகாமல் கேஜ் இறங்காது. எங்கள் லைனில் எல்லார் வீட்டுக்கும் தெரிந்த சங்கதி இது.

சிரிலும் பக்கத்து ஊர்காம் பையன்தான், அவர் அப்பாவும் அண்டர்கிரவுண்டில், சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். "எங்கப்பனும் இதையேதான் சொல்வாரு" என்றார். அதையே திட்டத்தின் முதல் இரண்டு விதியாக எழுதினார். ஆபரேஷன் செய்தவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு எல்லாம் தெரியும்வரை அடுத்த டோனர் மேல் கத்தி வைக்கக் கூடாது.

பிப்ரவரி 12

காலை ரயிலில் வெண்ணிலாவிடம் டிரில் கதையைச் சொன்னேன். எனக்கு முன்னாலேயே ஓடி சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூர் வரைக்கும் லேடீஸ் பெட்டியில் எனக்குச் சீட்டுப் பிடித்து வைக்கிற பெண். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள், முப்பத்து மூன்று வயது, கல்யாணம் என்று யாராவது ஆரம்பித்தால் காதில் ஒயரைச் செருகிக்கொள்வாள். அடுத்த மாதம் தன் தம்பி வேந்தனுக்குக் கல்லீரல் கொடுக்கப் போகிறாள். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். வேந்தன் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. உடம்பு தன்னைத்தானே தாக்கும் வியாதி, ஈரலைத் தின்றுவிட்டது. ராபர்ட்சன்பேட்டை பஜாரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் குடித்துக் கெட்டான் என்று பேசுகிறார்களாம். அதற்கே அவளுக்குப் பாதிக் கோபம்.

"தலகாணிக்கே இவ்ளோ அழுதியா? அப்ப நான் செத்தா இன்னாக்கா பண்ணுவ?" என்று கேட்டாள். தொடையில் ஒரு அடி போட்டேன். பெட்டியே சிரித்தது.

பிப்ரவரி 20

வெண்ணிலாவுக்கு அனுமதிக் குழுவின் நேர்காணல். சொந்த விருப்பத்தோடுதான் கொடுக்கிறாளா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். சாகிற வாய்ப்பும் உண்டு என்று சொன்னார்கள். சின்னது, ஆனால் உண்டு. தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் அவள் அப்பா தம்மபாலன் அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுரங்கம் மூடுகிறவரை பாறை துளைக்கும் டிரில்லராக இருந்தவர், அதற்கப்புறம் வாட்ச்மேன் வேலை. "டாக்டரு எப்பிடிம்மா?" என்று கேட்டார். நம்ம ஊர்க்காரர் அண்ணா, ஊர்காம், அவங்க அப்பாவும் அண்டர்கிரவுண்ட் என்றேன். அவ்வளவுதான், முகம் தெளிந்துவிட்டது. வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மார்ச் 4

ஆபரேஷன் முடிந்தது. அக்காவும் தம்பியும் நன்றாக இருக்கிறார்கள். ஸ்தோத்திரம். நாளை சாம்பல் புதன்.

மார்ச் 5

வெண்ணிலா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "சீட்டு யாரு புடிச்சாங்க?" நான் நின்றுகொண்டே வந்தேன் என்று சொன்னதற்குச் சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. தம்மபாலன் அண்ணாவைச் சாயங்காலம் என்னோடு ரயிலில் ஊருக்குக் கூட்டி வந்தேன். காலையில் லீலா அக்காவை, அவர் மனைவியை, அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். பெண்ணுக்குப் பிடிக்குமென்று ரசம் வைத்து எடுத்துவரப் போகிறார்களாம்.

மார்ச் 6

வெண்ணிலா போய்விட்டாள்.

எழுத வரவில்லை.

மார்ச் 8

நேற்று மண் போட்டாயிற்று. இன்று எழுதுகிறேன், எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

வியாழக்கிழமை விடியலில் ரயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். சிரில் போனில் கூப்பிட்டார். வெண்ணிலா போய்விட்டாள் என்றார். காலில் கட்டிய ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அப்புறம், "லவினா, நீ ரயிலேறாத. அவங்க கிளம்பறதுக்குள்ள வீட்டுக்குப் போ. நீ சொன்னாத்தான் தாங்குவாங்க. நான் பின்னாலயே வரேன்" என்றார்.

விதியில் இருப்பது அப்படியில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. பின்னாலேயே வருகிறேன் என்கிறாரே, பெங்களூரிலிருந்து கார் வந்து சேர நேரமாகும், அதற்குள் இவர்கள் ரசத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டால்? ஓடினேன். புடவைக்கு மடிப்புக்கூட ஒழுங்காக வைக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. என்னைப் பார்த்ததும் லீலா அக்கா தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரை விட நான்தான் அதிகம் அழுதிருப்பேன். யாரோ காபி கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

தம்மபாலன் அண்ணா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அறுத்துப் பாக்கணுமாம்மா?" சிரிலுக்குப் போன் போட்டேன். காரணம்தான் தெரிந்துவிட்டதே, போஸ்ட்மார்ட்டம் என்றால் உடம்பு வந்து சேர நாளை ஆகிவிடும், பாவம் என்றார். அதை அப்படியே சொன்னேன். "நீயே வந்து சொல்லிட்ட, அப்பால இன்னாத்துக்கு அந்தப் பொண்ண அறுக்கணும்" என்று வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. பெரிய மலர் வளையம் வந்தது. சிரில் வரவில்லை. மறுநாள் விகாரையிலிருந்து பிக்கு வந்து ஓதினார், கல்லறையில் இறக்கினோம், அப்போதும் வரவில்லை. வேந்தனுக்கு இன்பெக்‌ஷன் வந்துவிடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறாராம். சரி. அதுவும் முக்கியம்தான். அப்படித்தானே?

மார்ச் 9, ஞாயிறு

கோயிலில் லெந்து ஆராதனை. பாட்டுப் பாட வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் டைட்டஸ் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தார். பிறகு விட்டுவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறேன், தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறது. உள்ளே ஆபரேஷன். இன்னொரு டோனர். ஒரு சின்னப் பெண் அப்பாவுக்குக் கொடுக்கிறாள். போன மாதமே குறித்த தேதி, மாற்றவில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம், போன வாரம் இங்கே உன் மாதிரி ஒருத்தி செத்தாள் என்று சொன்னார்களா? சொல்லவில்லை. விசாரித்துவிட்டேன்.

சிரில் வெளியே வருகிறவரை காரிடாரிலேயே நின்றேன். "கேஜ் இறங்கிடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியாமலா இருக்கும்? செல்போனைப் பார்த்தபடியே, காத்திருக்கிற நோயாளியும் செத்துப்போவான் லவினா, உணர்ச்சிவசப்படாதே, அந்தக் குடும்பத்துக்குத்தான் எல்லாம் சொல்லியாயிற்றே என்றார்.

சொன்னது யார்? நான். நீ சொன்னியா? நீ எங்க இருந்த? இதையெல்லாம் அங்கே கேட்கவில்லை, ரயிலில் வரும்போதுதான் வாயில் வந்தது. பங்காருப்பேட்டை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறேன், எதிர்சீட்டுப் பொம்பளை பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தாள்.

மார்ச் 13

வேந்தனிடம் இன்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்குக் காய்ச்சல், பக்கத்து வார்டில் இருக்கிறாள் என்று ஒரு வாரம் ஓட்டியிருந்தார்கள். கூட சிரில் இருக்க வேண்டும் என்பது திட்டம். மீட்டிங் என்றார். தம்மபாலன் அண்ணாவே தனியாக உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேந்தன் கத்தவில்லை. வலது விலாவில் கட்டின் மேல் கையை வைத்து, வைத்த கையை எடுக்கவேயில்லை.

மார்ச் 20

இரண்டு தாள் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

பவ்யா என்னை லாண்டிரி அறைக்குக் கூப்பிட்டாள். அன்றைக்கு ராத்திரி வெண்ணிலாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், ஹாசன் பக்கத்துப் பெண். சோர்ந்துபோயிருந்தாள், இரண்டு வாரமாக என் கண்ணையே பார்க்காமல் ஒதுங்கிப் போனவள். கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தாள்.

ரத்தக் கட்டி இல்லை. ஒன்றும் இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. வடிகுழாய்ப் பை சிவப்பாக நிறைந்ததைப் பவ்யா பார்த்திருக்கிறாள், பிரஷர் இறங்கியதைப் பார்த்திருக்கிறாள், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் சிரிலுக்குப் போன் போட்டார். சிரில் மைசூரில் ஏதோ கான்பரன்ஸ் விருந்தில் இருந்திருக்கிறார். அன்று ராத்திரி பெரிய சர்ஜன் இன்னொருவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அவரைக் கூப்பிடட்டுமா, வயிற்றைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் பவ்யாவும் கேட்டாள். "என் கேஸை வேற யாரும் தொட வேணாம். ரத்தம் ஏத்துங்க, நான் வந்துகிட்டிருக்கேன்" என்றாராம்.

மைசூரிலிருந்து. கார்ல. வந்துகிட்டிருந்தாராம்.

டோனருக்கு ஆபத்து என்றால் அங்கே இருக்கிற எந்த சர்ஜனும் யாரையும் கேட்காமல் திறக்கலாம். இதுவும் திட்டத்தில் இருக்கிறது. அவர் கையால் எழுதியது. தலையணைக்கு அதைச் செய்தார்கள். நான் பார்த்தேனே! தலகாணிக்குப் பண்ணீங்களேடா!

"அக்கா, நானு சுள்ளு ஹேள்தில்ல" என்று கன்னடத்தில் சொல்லி அழுதாள் பவ்யா. பொய் சொல்லவில்லை அக்கா என்று. நீ சொல்லலம்மா. பொய் சொன்னது நான். அந்த வீட்டு நடுவில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, ரத்தக் கட்டி, கண் மூடித் திறப்பதற்குள் என்று...

எனக்கு போன் பண்ணும்போதே தெரியும் அந்த ஆளுக்கு. தெரிஞ்சுதான் போ போன்னு அனுப்பினான்.

மார்ச் 21

சிரில் அறைக்குள் போய்க் கேட்டேன். பவ்யா பேரைச் சொல்லவில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார். அந்த இன்னொரு சர்ஜன் ஈரல் ஆபரேஷன் அதிகம் செய்ததில்லை, திறந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது, முப்பது பேர் வரிசையில் இருக்கிறார்கள், இந்த ஈரல் மாற்றுப் பிரிவே மூடிப்போனால் அத்தனை பேரும் சாவார்கள் என்று அடுக்கினார். இதில் எது உண்மை, எது பொய் என்று பிரிக்கிற படிப்பு எனக்கில்லை.

ஏன் என்னை அனுப்பினீங்க என்று கேட்டேன்.

பாட்டிலைத் திருப்பி எடுத்து மூடியைத் திருகினார். பிறகு ஊர்ப் பேச்சில் சொன்னார்: "நான் போயிருந்தா ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாங்க. உன்ன கேக்க மாட்டாங்க. நம்ம ஜனம் எப்பிடின்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். வீட்டு வாசலுக்கு நடந்து வந்து ஒருவர் சொன்னால் அது உண்மை என்று நம்புகிற ஜனம். அது அவருக்கும் தெரியும், ஏனென்றால் அவரும் அந்த வாசலில் வளர்ந்தவர். என் சித்தப்பா சாவை நான் அவருக்குச் சொன்னேன். அழுதுகொண்டே கேட்டார். கேட்டு, பத்திரமாக எடுத்து வைத்து, என்னையே திருப்பி அடித்திருக்கிறார்.

பதினோரு வருஷம். என் பெண் பரீட்சைக்கு ஜெபம் பண்ணிய மனுஷன். என் மாமியாருக்கு ராத்திரி ராத்திரியாக வந்து வைத்தியம் பார்த்த மனுஷன். அதெல்லாம் பொய்யா? பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நல்லவன் பண்ணின துரோகத்தை எந்தக் கணக்கில் வைப்பது?

மார்ச் 24

டைட்டஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். போய்ச் சொல்லு என்றார். உடனே, அவசரப்படாதே என்றார். வேந்தனுக்கு ஆயுசு முழுக்க மருந்தும் செக்கப்பும் அதே ஆஸ்பத்திரியில்தானே, அவர்கள் சண்டைக்குப் போனால் அந்தப் பையன் கதி என்ன என்று கேட்டார். அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை, அதைச் சாக்காக வைத்துக்கொண்டிருக்கிறேனா?

ஏப்ரல் 2

மீட்டிங். நடந்ததிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று. திட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இனிமேல் டோனர் இறந்தால், அந்தக் குடும்பத்தின் ஊரும் பாஷையும் தெரிந்த ஊழியர் ஒருவர் முதலில் போய்ச் சொல்ல வேண்டும். சர்ஜன் தேவைப்பட்டால் பிறகு சந்திக்கலாம். முதல் விதியையே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆபரேஷனை நிறுத்துவது பற்றிய விதி இருந்த இடமே தெரியவில்லை.

சட்டம் பார்க்கிற ஆள் சந்தோஷமாகச் சொன்னார், எந்தப் புகாரும் இல்லாமல் போனதற்கு லவினா மேடம்தான் காரணம் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு. சிரிலும் தட்டினார். அடுத்த மாதத்திலிருந்து மற்ற ஊழியர்களுக்கு இதை எப்படிச் செய்வதென்று நான் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். லவினா மாடல் என்று பேர் வைக்கலாம் என்றது ஒரு குட்டிச் சாத்தான்.

எழுந்து பையை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 3

லீவ்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலிலிருந்து நேராகப் போனேன். டைட்டஸ் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

தம்மபாலன் அண்ணா வாசலில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா, உள்ள வா" என்றார். நான் போகவில்லை. லீலா அக்கா மணை எடுத்துப் போட்டார், உட்காரவில்லை. வேந்தன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. நின்றபடியே சொன்னேன். கட்டி இல்லை அண்ணா, ரத்தப்போக்கு. பார்த்தார்கள், கூப்பிட்டார்கள், திறக்க ஆள் இருந்தது, தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திறந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் அன்றைக்கு உங்களிடம் சொன்னது பொய். அது பொய் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பவ்யா பேரையும் சொன்னேன், முந்தாநாளே அவளிடம் கேட்டுக்கொண்டேன், சொல்லுங்கள் அக்கா என்றாள்.

அண்ணா சுத்தியலைக் கீழே வைத்தார். கேள்வி கேட்டார். எல்லாவற்றையும் கேட்டார், அன்றைக்குக் கேட்காததை எல்லாம். எந்த டாக்டர், எங்கே இருந்தான், யார் போன் போட்டது, அந்த இன்னொரு டாக்டர் எத்தனை மாடி தள்ளி இருந்தான். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

கடைசியில் சொன்னார்: "வாசல்ல வந்து நின்ன. உன் மூஞ்சியப் பாத்துத்தாம்மா அறுக்க வேணாம்னு சொன்னேன்."

லீலா அக்கா குனிந்தார். மணையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கி என்ன கட்டிப் புடிச்சிகினு அழுதியே, அது இன்னாம்மா?"

அது நிஜம் அக்கா. சத்தியமாக நிஜம். சொன்னேனா, மனசுக்குள் நினைத்தேனா என்று தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பலமாகக்கூட இல்லை, வேந்தன் எழுந்துவிடாமல் மெதுவாகத்தான் சாத்தினார்.

ஏப்ரல் 9

வேலையை விட்டேன். அவர்கள் விலக்குவதற்குள் நானே. வெண்ணிலா வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று சிரில் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. "என்ன ஏமாத்திட்டியே லவினா" என்றார். இந்த வார்த்தையை நான் எத்தனை நாளாகப் பல்லுக்கு நடுவில் வைத்திருந்தேன்! அவர் முந்திக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, கெட்ட சிரிப்பு.

வீட்டுக்கு வந்து சீசன் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இன்னும் பாதி மாதம் பாக்கி. "சோத்துக்கு நான் கீறேன். நீ ஒரு வாரம் யாரையும் திட்டாம தூங்கு" என்றார் டைட்டஸ். அவரையே திட்டிவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் லீலா அக்கா. என்னைப் பார்த்தார். கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 23

பவ்யா போன். வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாளாம், ஹாசனிலேயே. யார் கேட்டாலும் பேசுவேன் அக்கா என்றாள். அழவில்லை, குரல் நன்றாக இருந்தது. வேந்தனையும் அவன் அப்பா வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற நான் ஹாசனிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

ஏப்ரல் 29

இன்றும் செவ்வாய். தியேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும்.

மே 6

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் டிவிஎஸ் வண்டி நிற்கிற சத்தம். தம்மபாலன் அண்ணா. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். ஏன் வாசல் வரைக்கும் ஓட்டி வரவில்லை என்று யோசிப்பதற்குள் கிட்டே வந்துவிட்டார்.

வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உட்காருங்கள் அண்ணா என்றேன். தலையை ஆட்டினார், உட்காரவில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். டம்ளரைப் பார்த்தார், வாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, சேதி சொல்ல வந்திருக்கிறார்.

"கோலாருக்குப் போய் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டேன்மா. வெண்ணிலாவ வெளிய எடுத்து அறுத்துப் பாக்கச் சொல்லி. பெங்களூர்ல கேஸும் குடுத்துட்டேன். டாக்டர் பேரு கீது. உன் பேரும் கீது. எவனோ போலீஸ்காரன் வந்து சொல்லி நீ தெரிஞ்சிக்கக் கூடாது. அதான் நானே வந்தேன்."

சரி அண்ணா என்றேன்.

அவர் போகவில்லை. இன்னும் இருந்தது. நான் முதலில் வந்து சொன்னதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார், பிறகு வந்து சொன்னதையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பேர் வேண்டாம் என்று வேந்தன் சண்டை போட்டானாம், லீலா அக்கா வேண்டும் என்றாராம். வக்கீல் என்னைச் சாட்சியாக மட்டும் போடலாம் என்றாராம், இவர்தான் எதிராளியாகவும் சாட்சியாகவும் இரண்டாகவும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கோர்ட்டில் எனக்கு என்னென்ன கஷ்டம் வரும் என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார், அதையும் சொன்னார். கல்லறையைத் திறக்கிற நாள் முடிவானதும் ஆள் அனுப்புவதாகவும், வர விருப்பமிருந்தால் வரலாம், லீலா பக்கத்தில் மட்டும் நிற்காதே என்றும் சொன்னார்.

வருகிறேன் என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்துபோனார். டம்ளர் என் கையிலேயே இருந்தது.

ஒன்றையும் மறைக்கவில்லை. முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.